வழிகாட்டும் வானம், வழிநடத்தும் கை

நுழையும்முன்

கருவிகள் மனிதரின் கைகளுக்கு வலிமை சேர்க்கின்றன. சில வேளைகளில் கைகளின் வேலையையே எடுத்துக்கொள்கின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கிய மாதிரி வானூர்திக் கலை, செயற்கைக்கோளின் துணையோடு தானே பறந்து தானே திரும்பும் நிலைக்கு இன்று வளர்ந்திருக்கிறது. அந்தத் துணையை எவ்வாறு ஏற்பது, எந்த அளவுக்கு நம்புவது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு பயணத்தின் மூன்று பகுதிகள்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நீண்டிருக்கும் கேப் ஸ்பியர் முனை. மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கர் ஒரு சிறிய வானூர்தியைக் கையில் ஏந்திக் காற்றில் வீசினார். அவருக்கு அப்போது 77 வயது, பார்வை பெரிதும் மங்கியிருந்தது, செவியும் தளர்ந்திருந்தது. அவர் வீசிய வானூர்தியோ பால்சா என்னும் மெல்லிய மரத்தால் ஆனது. எரிபொருளோடு சேர்த்தும் அதன் எடை 5 கிலோகிராமுக்கு உட்பட்டதே.

வீசப்பட்ட வானூர்தியை அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவர் வானொலிக் கருவியால் இயக்கி உயரத்துக்கு ஏற்றினார். பின்னர் அது ஜி.பி.எஸ். துணையோடு இயங்கும் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. பகலும் இரவுமாகக் கடலின்மேல் பறந்த அந்தச் சிறகு, ஏறத்தாழ 39 மணி நேரத்தில் 3000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து அயர்லாந்தின் மேற்குக் கரையை அடைந்தது. கிளிப்டன் நகருக்கு அருகிலுள்ள மேனின் கடற்கரையில் காத்திருந்த மற்றொரு குழுவினர் அதைக் கண்டதும், தானியங்கியிடமிருந்து பொறுப்பை வாங்கித் தம் கையால் தரையிறக்கினர். அதற்கு முன் அக்குழு மேற்கொண்ட முயற்சிகள் தோல்வியில் முடிந்தவை என்பதும் நினைவில் நிறுத்தத் தக்கது.

அப்பயணத்தின் தொடக்கமும் முடிவும் மனிதரின் கையில் இருந்தன. நடுப்பகுதி மட்டும் செயற்கைக்கோளின் துணையில் நடந்தது. இன்றோ, கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிரோன் எழுகிறது; மற்றொரு பொத்தானை அழுத்தினால் திரும்பி வந்து இறங்குகிறது. பயணத்தின் மூன்று பகுதிகளும் கருவியிடம் சென்றுவிட்டன. நடுப்பகுதியைக் கருவிக்குக் கொடுத்தது வளர்ச்சி. தொடக்கத்தையும் முடிவையும் கற்காமலேயே அதனிடம் விட்டுவிடுவது இழப்பு. சில வேளைகளில் பிறருக்கு இடர். எனவே, ஜி.பி.எஸ். துணையைப் பொருத்துபவர் அது இல்லாமலும் பறக்கவிடக் கற்றிருக்க வேண்டும். பொருத்திய பின்னும் அது தவறும் கணத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நேரத்தை அளந்து இடத்தை அறிதல்

ஒரு துணையை நம்புவதற்கு முன் அதன் இயல்பை அறிய வேண்டும். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா உருவாக்கிய இடமறி முறை. அதன் முதல் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1983ஆம் ஆண்டில் தென்கொரியப் பயணியர் வானூர்தி ஒன்று வழி தவறிச் சோவியத்து வான்பரப்புக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் இறந்தனர். படைத்துறைக்காக உருவாகிவந்த அம்முறை, முழுமையடைந்ததும் பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அதன் பின்னர் அறிவித்தது. 1995ஆம் ஆண்டில் முறைமை முழு இயக்கத்துக்கு வந்தது. ஆயினும், பொதுமக்களுக்கான குறிகையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்ததால், காட்டப்படும் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை விலகக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தச் செயற்கைப் பிழை நீக்கப்பட்டது. அதற்குப் பின்னரே ஒரு சிறு மாதிரி வானூர்தி புறப்பட்ட மைதானத்துக்கே துல்லியமாகத் திரும்புவது இயல்வதாயிற்று.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இச்செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்கிறது. அக்குறிகை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, டிரோனில் உள்ள ஏற்பி தொலைவைக் கண்டறிகிறது. வானொலி அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே, நேரத்தில் நேரும் மிகச் சிறு பிழையும் இடத்தில் பெரும்பிழையாகும். இடத்தின் மூன்று அளவுகளையும் ஏற்பியின் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கண்டறியக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

திறந்த வானத்தின்கீழ் சில மீட்டர் பிழையோடு இடம் தெரியும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ அடர்ந்த மரங்களின்கீழோ நிலைமை மாறும். சில குறிகைகள் தடைபடும். சில சுவரில் மோதித் தெறித்து நீண்ட வழியில் வந்துசேரும். ஏற்பி அந்த நீண்ட வழியையே உண்மைத் தொலைவாகக் கொள்ளும். நேர்மையான கருவி ஒன்று பொய்யான விடையைச் சொல்லும் நிலை இது. இந்த வரம்பை அறியாதவருக்குத் திரையில் தெரியும் புள்ளி ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகத் தோன்றும்.

தெரியுமா?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், புவியில் உள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி விரைந்து ஓடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு இதற்கான காரணத்தை விளக்குகிறது. இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாவிட்டால், இடக்கணக்கில் நேரும் பிழை நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் பெருகும். ஜி.பி.எஸ். போன்றே உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய முறைகளும் உள்ளன. இந்தியாவின் நாவிக் முறைக்கான முதல் செயற்கைக்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இடம் வேறு, திசை வேறு

ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் டிரோனுக்குத் தான் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். அதன் முகம் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது காந்தத் திசைகாட்டி. புதிதாகப் பொருத்துபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே.

திசைகாட்டி தவறினால் என்ன நேரும்? காற்று டிரோனைத் தெற்கே ஒரு மீட்டர் தள்ளுகிறது என்க. இழந்த இடத்தை மீட்க அது வடக்கே நகர முயலும். திசைகாட்டி பிழைபட்டிருப்பதால் வடகிழக்கை வடக்கு என்று எண்ணி அங்கே நகரும். இடம் இன்னும் விலகியிருப்பதை ஜி.பி.எஸ். சுட்டிக்காட்டும். டிரோன் மீண்டும் திருத்த முயன்று மீண்டும் பிசகும். இவ்வாறு திருத்தமே பிழையாகி, நின்ற இடத்தில் நிற்க வேண்டிய டிரோன் வட்டமிடத் தொடங்கும். வட்டம் வரவரப் பெரிதாகும். பார்ப்பவருக்கு அது கட்டறுந்த மாட்டைப்போலத் தோன்றும். உண்மையில் அது தனக்குக் கிடைத்த தவறான செய்திக்கு முழுமையாகக் கட்டுப்பட்டே பறக்கிறது.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. பொறுமையை மட்டுமே கேட்பவை. மோட்டார்களுக்குச் செல்லும் கம்பிகளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழும். எனவே, ஜி.பி.எஸ். ஏற்பியையும் திசைகாட்டியையும் ஒரு சிறு கம்பத்தின் உச்சியில், மின்கம்பிகளிலிருந்து விலக்கிப் பொருத்துவது நன்று. அவற்றின்மேல் உள்ள அம்புக்குறி டிரோனின் முகப்பை நோக்க வேண்டும். வேறுவிதமாகப் பொருத்தினால் அதை மென்பொருளில் குறிப்பிட வேண்டும். பின்னர் டிரோனை எல்லாப் பக்கங்களுக்கும் திருப்பித் திசைகாட்டியை அளவமைக்க வேண்டும். இதை வீட்டு மொட்டைமாடியில் செய்வது தவறு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக்கம்பிகள் திசைகாட்டியை ஏமாற்றிவிடும். நிறுத்தியுள்ள வாகனங்களும், சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் அத்தகையனவே. திறந்த மண்தரையே இதற்கு உகந்த இடம்.

இறக்கையால் பறக்கும் மாதிரி வானூர்தியின் நிலை சற்று வேறானது. அது எப்போதும் முன்னோக்கிச் செல்வதால், அடுத்தடுத்த இடங்களைக்கொண்டே அதன் பயணத் திசையைக் கணக்கிடலாம். பலர் திசைகாட்டி இல்லாமலேயே அதைப் பறக்கவிடுகின்றனர். ஆனால், அதற்கு வேறோர் இடர் உண்டு. ஜி.பி.எஸ். காட்டுவது தரைவேகம், இறக்கையைத் தாங்குவது காற்றுவேகம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னிருந்து காற்று வீசும்போது, தரைவேகம் 15 மீட்டர் என்று திரை காட்டினாலும் இறக்கையின்மேல் பாயும் காற்றின் வேகம் 10 மீட்டர் மட்டுமே. திரையை மட்டும் பார்த்து வேகத்தைக் குறைப்பவர், தாங்குவிசை இழந்து வானூர்தி சரிவதைக் காண நேரும். இந்த வேறுபாட்டை எண்ணால் அறிவதற்கு முன் விரலால் உணர்ந்தவரே நல்ல வானோட்டி ஆகிறார்.

புறப்படும் முன்

ஜி.பி.எஸ். பொருத்துதல் என்பது ஒரு கருவியைத் திருகி இறுக்குவதோடு முடிவதில்லை. அது ஒரு தொடர் முடிவு, முடிவெடுப்பவர் மனிதர்.

முதலாவது, காத்திருத்தல். நெடுநேரம் அணைத்து வைத்திருந்த ஏற்பி, ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதைக்குறிப்பையும் புதிதாகப் பெற வேண்டும். ஒரு பாதைக்குறிப்பை முழுமையாகப் பெறவே ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்து இடம் நிலைபெறும் முன் புறப்பட்டால், டிரோன் தன் புறப்பாட்டு இடத்தைத் தவறாகவே நினைவில் வைக்கக்கூடும். திரும்பி வரும்போது அந்தத் தவறான இடத்துக்கே அது வந்து இறங்கும். படகிலிருந்து எழுப்பப்பட்ட டிரோனுக்கும் இதே இடர் உண்டு. படகு நகர்ந்துவிடும், டிரோனோ, படகு முன்பு நின்ற நீர்ப்பரப்பையே தன் இல்லமாகக் கருதித் தேடி வரும்.

இரண்டாவது, திரும்பும் உயரம். கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தால் டிரோன் குறித்த உயரத்துக்கு ஏறி, நேர்க்கோட்டில் புறப்பட்ட இடத்தை நோக்கி வரும். ஆர்டுபைலட் என்னும் திறந்த மூல மென்பொருளில், பல சுழலிகள் கொண்ட டிரோனுக்கு இவ்வுயரம் 15 மீட்டர் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. மரமற்ற வெளியில் அது போதும். தமிழகத்துத் தென்னந்தோப்பில் வளர்ந்து நிற்கும் நெட்டைத் தென்னையோ 20 மீட்டரையும் தாண்டும். கைப்பேசிக் கோபுரம் அதனினும் உயரமானது. எங்கோ எழுதப்பட்ட ஓர் எண், தான் பறக்கப்போகும் நிலத்தை அறியாது. நிலத்தை நடந்து பார்த்து, மரங்களையும் கம்பிகளையும் கண்டு, அந்த எண்ணை மாற்ற வேண்டியவர் இயக்குபவரே.

மூன்றாவது, மின்கலக் கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கவல்ல டிரோன், 5 மீட்டர் வேகக் காற்று பின்னிருந்து தள்ள 900 மீட்டர் செல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அதே காற்றை எதிர்த்துத் திரும்புவதற்கு மூன்று நிமிடங்கள் வேண்டும். போகும்போது பாதி மின்னாற்றல் செலவானதும் திரும்பலாம் என்று எண்ணுபவரின் டிரோன் வழியிலேயே விழும். வீடுதிரும்பும் பொத்தான் வழியைக் காட்டும். தீர்ந்துபோன மின்கலத்தை அது நிரப்பாது.

நான்காவது, தரையிலேயே சோதித்தல். சுழலிகளைக் கழற்றிவிட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்துப் பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்ததை டிரோன் உணர்ந்து, திரும்பும் நிலைக்கு மாறுகிறதா என்பதை அப்போதே உறுதிசெய்யலாம். வானில் முதன்முறையாக நிகழும் சோதனைக்குச் சோதனை என்று பெயரில்லை. அது விபத்துக்கான அழைப்பு.

எதிர்த்தரப்பின் நியாயம்

கையால் கற்ற பிறகே கருவித்துணை வேண்டும் என்னும் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவை புறந்தள்ளத் தக்கவை அல்ல.

மாதிரி வானூர்திக் கலை ஒரு காலத்தில் சிலருக்கே உரியதாக இருந்தது. பல மாத உழைப்பில் உருவான வானூர்தி முதல் நாளிலேயே மண்ணில் மோதி நொறுங்கும். மீண்டும் கட்டுவதற்குப் பணமும் பொழுதும் உள்ளவர்களே அக்கலையில் நிலைத்தனர். மற்றவர்கள் மனமுடைந்து விலகினர். ஜி.பி.எஸ். துணை அந்தக் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டது. கைநடுக்கம் உள்ளவரும் மாற்றுத்திறனாளியும் வானிலிருந்து தம் ஊரைப் பார்க்க முடிகிறது. பார்வை மங்கிய மேனார்ட் ஹில்லின் கனவு நிறைவேறியதும் அத்துணையால் அன்றோ?

பாதுகாப்பைக் காட்டியும் வாதிடலாம். தொடர்பு அறுந்த டிரோன் முன்பெல்லாம் காற்றின் போக்கில் சென்று யார் தலைமீதோ விழுந்திருக்கும். இன்று அது புறப்பட்ட இடத்தை அறிந்து திரும்புகிறது. தடைசெய்யப்பட்ட வான்பரப்புக்குள் நுழையாதவாறு மென்பொருள் வேலியும் அமைக்கலாம். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் வெள்ளை மாளிகை வளாகத்தில் ஒரு பொழுதுபோக்கு டிரோன் விழுந்தபின், அந்நகரின் மையப்பகுதிக்கு அத்தகைய வேலி மென்பொருளிலேயே இடப்பட்டது. மனிதக் கை களைக்கும், பதறும். கருவிக்கு அந்தக் குறைகள் இல்லை.

இவ்வாதங்களில் உண்மை இருக்கிறது. ஆயினும், அவை துணையின் பயனை நிறுவுகின்றனவேயன்றி, துணை இருப்பதால் கற்க வேண்டியதில்லை என்பதை நிறுவவில்லை. மேனார்ட் ஹில் தம் வாழ்நாளில் பல பத்தாண்டுகளை மாதிரி வானூர்திகளோடு கழித்தவர். தம் கண்ணால் இயலாததைச் செய்யத் தேர்ந்த கைகளைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர். துணையின்மேல் அவர் கொண்ட நம்பிக்கை, அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்ததிலிருந்து பிறந்தது.

ஸ்டேட்டன் தீவு சொல்லும் பாடம்

அறியாமல் வைத்த நம்பிக்கை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு ஒரு நிகழ்வு சான்றாகும். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 21 மாலையில், நியூயார்க் நகரில் ஒருவர் பொழுதுபோக்காக டிரோனைப் பறக்கவிட்டார். அது அவருடைய கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றது. ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டேட்டன் தீவின் கரைக்கு அருகே, ஏறத்தாழ 300 அடி உயரத்தில் பறந்த அமெரிக்கப் படையின் ஹெலிகாப்டர் ஒன்றின்மீது அது மோதியது. ஹெலிகாப்டரின் சுழலி இறக்கை சேதமடைந்தது. விமானி அதைப் பாதுகாப்பாகத் தரையிறக்கியதால் உயிரிழப்பு நேரவில்லை.

அந்த வான்பரப்பில் பறப்பதற்கு அன்று தற்காலிகத் தடை இருந்தது. இயக்குபவர் அதை அறிந்திருக்கவில்லை; தடை இருந்தால் கட்டுப்பாட்டுச் செயலி சொல்லிவிடும் என்று நம்பியிருந்தார். வீடுதிரும்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். டிரோன் வராதபோது, அது பழுதாகிக் கடலில் விழுந்திருக்கும் என்று எண்ணினார். ஹெலிகாப்டரில் சிக்கியிருந்த டிரோனின் பாகத்தைக்கொண்டு விசாரணையாளர்கள் அவரைக் கண்டறிந்து கேட்டபோதே, தம் டிரோன் ஒரு மோதலுக்குக் காரணமானதை அவர் அறிந்தார். கண்பார்வைக்கு அப்பால் வேண்டுமென்றே பறக்கவிட்டதையே விபத்தின் காரணமாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. விதிகளையும் பாதுகாப்பு நடைமுறைகளையும் அவர் முழுமையாக அறியாததை அதற்குத் துணைக்காரணமாகச் சுட்டியது.

இங்கே எந்தச் செயற்கைக்கோளும் தவறவில்லை. டிரோன் தன் இடத்தை நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால், அதே வானில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதை ஜி.பி.எஸ். அறியாது. தன் இடத்தை அறிவது வேறு. பிறருடைய இடத்தை மதிப்பது வேறு. முதலாவதைக் கருவி செய்யும். இரண்டாவதற்குக் கண்ணும் செவியும் பொறுப்புணர்வும் வேண்டும். கையால் மட்டும் இயக்கும்போது, டிரோன் எத்திசை நோக்கியிருக்கிறது என்பது தெரியாத தொலைவை எட்டும் முன்பே இயக்குபவர் அஞ்சித் திருப்பிவிடுவார். ஜி.பி.எஸ். துணை அந்த அச்சத்தை நீக்கியது. அச்சத்தோடு சேர்ந்திருந்த எச்சரிக்கையையும் நீக்கிவிட்டது.

கற்கும் வரிசை

இதற்குத் தீர்வு ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றி எறிவதன்று. கற்கும் வரிசையை மாற்றுவது. தண்ணீரில் இறங்கி நீந்தக் கற்பவர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வதுண்டு. குடுக்கை உயிரைக் காக்கும். ஆனால், குடுக்கையைக் கழற்றி நீந்திக் காட்டும் நாளில்தான் நீச்சல் வந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளும்.

அதுபோல, முதலில் கணினியில் உள்ள பறப்புப் பயிற்சி மென்பொருளில் விரல்கள் பழகலாம். அங்கே எத்தனை முறை மோதினாலும் இழப்பில்லை. அடுத்து, எடை குறைந்த சிறு டிரோனையோ நுரைப்பலகையால் செய்த வானூர்தியையோ திறந்த வெளியில் ஜி.பி.எஸ். இன்றி இயக்கலாம். சாய்வைச் சமன்செய்யும் உதவி மட்டும் அப்போது இருந்தால் போதும். காற்றில் அது நகர்வதையும், நகர்வதை விரல் தடுப்பதையும் உணர்ந்த பின்னர் உயரத்தைக் காக்கும் நிலைக்குச் செல்லலாம். இடத்தைக் காக்கும் நிலை அதற்கும் பிந்தியது. திரும்பிவரும் நிலையும், குறித்த புள்ளிகள் வழியே தானே செல்லும் நிலையும் இறுதியாக வர வேண்டும்.

இந்த வரிசையின் பயன் ஒரே ஒரு கணத்தில் வெளிப்படும். டிரோன் திடீரென வட்டமிடத் தொடங்குகிறது. அல்லது தவறான திசையில் விரைகிறது. வரிசையைக் கடந்து வந்தவர் ஜி.பி.எஸ். நிலையை விலக்கிக் கையியக்கத்துக்கு மாற்றி, அதை மெல்லத் தரையிறக்குவார். வரிசையைத் தாண்டிக் குதித்தவர், பிழை செய்யும் கருவியிடமே மீட்கும்படி வேண்டி வீடுதிரும்பும் பொத்தானை அழுத்துவார். இருவருக்கும் கருவி ஒன்றே, கல்வி வேறு.

அறிந்து பயன்படுத்துவோரிடம் இதே துணை எத்தனை பெரிய அறங்களைச் செய்யவல்லது என்பதற்கும் சான்றுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், காட்டில் வழிதவறியவரைத் தேடிக் கண்டறிந்து குடிநீர் போடும் ஆளில்லா வானூர்திப் போட்டி 2007ஆம் ஆண்டுமுதல் நடத்தப்பட்டது. வழிதவறியவராக ஒரு பொம்மை மனிதன் வைக்கப்படுவான். ஆண்டுகள் பல கடந்தும் எவரும் பணியை முழுமையாக முடிக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் கிங்கராய் என்னும் ஊரில் நடந்த போட்டியில், கான்பெராயுஏவி என்னும் குழு திறந்த மூல மென்பொருளால் இயங்கும் வானூர்தியைக்கொண்டு பொம்மையைக் கண்டறிந்து, அதற்கு அருகே குடிநீர்ப் புட்டியை இட்டு வெற்றி கண்டது. அப்போட்டியின் விதிகளில் ஒன்று கருதத் தக்கது. ஜி.பி.எஸ். குறிகை நின்றுபோனால் வானூர்தி என்ன செய்யும் என்பதற்கும் குழுக்கள் முன்கூட்டியே விடை சொல்ல வேண்டும். துணை இல்லாத நிலையை எண்ணிப் பார்த்தவருக்கே துணையோடு பறக்கும் உரிமை அங்கே வழங்கப்பட்டது.

சட்டமும் பொறுப்பும்

இந்தியாவில் ஆளில்லா வானூர்திகளுக்கான விதிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியிடப்பட்டன. 250 கிராம் வரையிலானவை நானோ, அதற்குமேல் 2 கிலோகிராம் வரையிலானவை மைக்ரோ என்று எடையின் அடிப்படையில் அவை வகைப்படுத்தப்பட்டன. வான்பரப்பும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூவகையாகப் பிரிக்கப்பட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிட முன்அனுமதி வேண்டியதில்லை. சிவப்புப் பகுதியில் நடுவண் அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய மாதிரி வானூர்தியைக் கண்பார்வைக்குள் இயக்கப்படுவதாகவே அவ்விதிகள் வரையறுக்கின்றன.

இவ்விதிகளில் கண்பார்வை என்னும் சொல் ஆழமானது. எத்தனை செயற்கைக்கோள்கள் துணை நின்றாலும், பொழுதுபோக்கு வானூர்தியின் எல்லையை மனிதரின் கண்ணே வகுக்கிறது. கருவி செல்லவல்ல தொலைவும், செல்லத் தகுந்த தொலைவும் ஒன்றல்ல. வானம் பொதுவழி. அதில் அறுவடைக்காலப் பறவைகளும், நோயாளியைச் சுமந்து செல்லும் ஹெலிகாப்டர்களும், பயணியர் வானூர்திகளும் செல்கின்றன. அவ்வழியே செல்ல விரும்புபவர் அதன் ஒழுங்கையும் கற்க வேண்டும். சட்டத்தின் அச்சத்தால் மட்டும் அந்த ஒழுங்கு வாராது. தன் விரலசைவுக்குத் தானே பொறுப்பு என்னும் உணர்விலிருந்து அது வளர வேண்டும்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் டிரோன் பயிற்சி அளிக்க முன்வருவோர் இதை மனத்தில் கொள்ளுதல் நன்று. வாங்கிய நாளிலேயே வானில் ஏற்றிக் காட்டுவது கைதட்டலைப் பெறும். அளவமைத்தல், காத்திருத்தல், நிலத்தை நடந்து பார்த்தல், துணையின்றி இறக்கிப் பழகுதல் ஆகியவற்றுக்குக் கைதட்டல் கிடைக்காது. மாணவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் செல்லும் கல்வி அவற்றிலேயே இருக்கிறது.

கரை சேர்தல்

மேனின் கடற்கரைக்கு மீண்டும் செல்வது பொருந்தும். 1919ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலில் இடைநில்லாது பறந்து கடந்த ஆல்காக், பிரௌன் ஆகிய இருவரும் வந்து இறங்கியது அந்தக் கிளிப்டன் நகருக்கு அருகிலேயே. 84 ஆண்டுகளுக்குப் பின், அதே கரையை நோக்கி 5 கிலோகிராம்கூட இல்லாத ஒரு மரச்சிறகு வந்தது. கடல்வழி முழுவதையும் அது செயற்கைக்கோளைப் பார்த்தே கடந்திருந்தது. ஆயினும், கரை தெரிந்ததும் ஒரு மனிதர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தார். காற்று எத்திசையில் வீசுகிறது, தரை எங்கே மேடாக இருக்கிறது, வேடிக்கை பார்ப்போர் எங்கே நிற்கின்றனர் என்பவற்றைக் கண்ணால் கண்டு, விரலால் அதை இறக்கினார்.

அந்தக் கை கற்றிருந்ததால்தான் அப்பயணம் நிறைவடைந்தது. இன்றைய இளைஞரின் பெட்டிக்குள் இருக்கும் டிரோன், 2003ஆம் ஆண்டின் அந்த வானூர்தியைவிடக் கூர்மையான கருவிகளைக் கொண்டிருக்கலாம். அதை வாங்குவதற்குப் பணம் போதும். அதன் வழிகாட்டுதல் நின்றுபோகும் கணத்தில் அதைப் பாதுகாப்பாகத் தரையில் இறக்கும் கை மட்டும் விலைக்குக் கிடைப்பதில்லை; பயின்றே பெற வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. 'தானியங்கிக் கருவிகள் மனிதரின் திறனை வளர்க்கின்றனவா, குறைக்கின்றனவா?' என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் ஊரில் ஒரு திறந்த வெளியைத் தேர்ந்தெடுத்து, அங்கே டிரோன் பறக்கவிடுவதற்கு முன் கவனிக்க வேண்டிய மரங்கள், மின்கம்பிகள், கோபுரங்கள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் உருவாக்குக.

3. கருவியின் துணையை முழுமையாக நம்பியதால் இடர் நேர்ந்த அல்லது அறிந்து பயன்படுத்தியதால் நன்மை விளைந்த நிகழ்வு ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.